ஹெல்மெட் ராஜாக்கள் நாடகம் போட்டவர்

எனக்கு வயது எழுபத்து நாலு. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. என் தங்கை போய்ச் சேர்ந்த பிறகு அவளுடைய இரண்டையும் என் மூன்றோடு சேர்த்து ஒரே குண்டானில் ஆக்கிப் போட்டேன். ஐந்தும் சொந்தக் கையால் பிழைக்கின்றன. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆட்களை எடைபோட எனக்குத் தெரியும் என்பதற்கு வேறு அத்தாட்சி என்னிடம் இல்லை. படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றது. கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு படிப்பேன், அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல எழுதுவது என் பேத்தி தர்ஷினி. கொச்சையைத் திருத்தி எழுது என்று சொல்லியிருக்கிறேன். விஷயத்தைத் திருத்தக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் சென்னையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நாடகக்காரர் ஒருவருக்கு அறுபது வயது நிறைகிறதாம். அவரைத் தெரிந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்களாம். "நீங்க அவரப் பக்கத்துல இருந்து பாத்தவங்க. உங்க வாயால ரெண்டு பக்கம் வந்தா அவருக்குப் பெருமையா இருக்கும்மா" என்றாள். சொல்கிறேன். பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். அந்த மலர் முழுக்க அவர் பெயர்தான் இருக்கும். ஒரு பக்கமாவது அது இல்லாமல் இருந்துவிட்டுப் போகட்டும்.

சேரப்பணஞ்சேரியில் எங்கள் நிலம் இருந்த இடத்தில் இப்போது வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறோம். ஒரகடம் கம்பெனிகளில் வேலை செய்கிற பிள்ளைகள் குடியிருக்கிறார்கள். மூன்று ஷிஃப்ட்டுக்கும் ஆள் இருப்பதால், எந்நேரமும் ஓர் அறையில் குளித்துக்கொண்டிருப்பார்கள், ஓர் அறையில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். தர்ஷினி கைப்பிள்ளையாக இருந்த காலத்தில் அந்த மனிதர் மாடி அறைக்குக் குடிவந்தார். கறுப்பு ஜிப்பா, சணல் பை, வேண்டுமென்றே வாராத தாடி. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து, மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இந்த மண்ணுல விவசாயம் நடந்திருக்கு இல்லம்மா?"

"நடந்துச்சி. நீ தொட்டது செப்டிக் டேங்கு நோண்டி போட்ட மண்ணு" என்றேன்.

சிரித்தார். கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தனியாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வாடகை விஷயத்தில் குறை சொல்ல மாட்டேன். குடி கிடையாது. பெண்பிள்ளைகளிடம் ஒழுங்காக நடந்துகொண்டார். குறை வேறு இடத்தில். எங்கள் வீட்டில் சாப்பிட்டால், யாராவது பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் தட்டை அவரே கழுவி வைப்பார். "நான் ஆம்பள வேலை, பொம்பள வேலைன்னு பாக்கறவன் இல்லம்மா" என்பார். யாரும் இல்லையென்றால் தட்டு தொட்டியில் கிடக்கும், மேலே ஈ மொய்க்கும். நான் இதைப் பலமுறை சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் பட்டப்பகலில் மொட்டைமாடியில் நாடக விளக்குகளை எல்லாம் ஒன்றாகச் சொருகிப் போட்டுப் பார்த்தார். பியூஸ் போனது. வீடு முழுக்கக் கரண்ட் இல்லை. நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் பனியனோடு வியர்க்க விறுவிறுக்க வெளியே வந்து, "யாருய்யா இது?" என்று கத்தினார்கள். அவர் மாடிப்படியில் இறங்கி வந்தார். முகத்தில் அத்தனை இரக்கம்.

"பாவம் தோழர், தூக்கம் கெட்டுப்போச்சா? இந்த வீட்டு வயரிங் பழசு போலிருக்கு. நான் வந்து போறவன், எனக்கு என்ன தெரியும்? அம்மாகிட்ட கேளுங்க."

அந்த வாக்கியத்தை அன்று முதல்முறை கேட்டேன். நான் வந்து போறவன். அதற்குப் பிறகு அவர் எப்போது அதைச் சொல்வார் என்று எனக்கு முன்கூட்டியே தெரிய ஆரம்பித்தது.

அவர் போடவந்த நாடகத்தைச் சொல்ல வேண்டும். நானூறு வருஷத்துக்கு முன்னே செத்துப்போன இங்கிலீஷ்காரர் ஒருவர் தங்கள் நாட்டு ராஜாக்களைப் பற்றி வரிசையாக நாடகம் எழுதிவைத்திருக்கிறாராம். அவற்றில் நாலைந்தை வெட்டி ஒட்டி ஒன்றாக்கியது இது. ஒரு ராஜாவைத் தள்ளிவிட்டு இன்னொருத்தன் சிம்மாசனத்தில் உட்காருகிறான். உட்கார்ந்தவனுக்குத் தூக்கம் வருவதில்லை. அவன் பிள்ளையோ குடிகாரர்களோடு சுற்றுகிறான். அந்தக் கூட்டத்தில் தொந்தி பெருத்த கிழவன் ஒருத்தன். வாயைத் திறந்தால் பொய், ஆனால் எல்லாரையும் சிரிக்கவைப்பான். அப்பன் சாகிறான், பிள்ளை பட்டத்துக்கு வருகிறான், வந்ததும் அந்தத் தொந்திக்காரனை ஒதுக்கித் தள்ளுகிறான். நல்ல கதைதான். இதைக் கெடுக்க வேண்டுமென்றால் மெனக்கெட வேண்டும். அவர் மெனக்கெட்டார்.

ராஜ்யம் என்பது கம்பெனியாம். அதனால் கிரீடத்துக்குப் பதில் ஹெல்மெட். ராஜாவுக்கு வெள்ளை, படைக்கு மஞ்சள். சிம்மாசனம், ஆபீசில் இருக்கும் சுற்றுகிற நாற்காலி. யுத்தம் வந்தால் ஆளுக்கொரு தண்ணீர் பைப்பை எடுத்து அடித்துக்கொள்வார்கள். நடிப்பவர்கள் எல்லாம் எங்கள் அறைகளில் குடியிருந்த பிள்ளைகள். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து வந்தவுடன் மாடியில் ஒத்திகை.

"ஏம்பா, ராஜா தலையில இன்னாத்துக்கு பக்கெட்ட கவுத்து வெச்ச மாதிரி வெச்சிருக்கே?" என்று கேட்டேன்.

"அது குறியீடும்மா. ஒண்ணக் காட்டி இன்னொண்ணச் சொல்றது."

"அந்த இன்னொண்ணயே காட்டிட்டா இன்னா?"

பத்து நாள் போயிருக்கும். சென்னையிலிருந்து அவருடைய சிநேகிதர்கள் வந்திருந்தார்கள். காபி கொண்டுபோனேன். "எனக்குக் குறியீட்டுல நம்பிக்கை கிடையாது. சொல்ல வர்றதையே காட்டிட்டா என்னன்னு கேக்கறவன் நான்" என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். டம்ளரை எடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கெட்டுகளையும் மாற்றவில்லை.

தொந்திக்காரன் வேஷம் என் கடைசி மகன் தணிகாசலத்துக்கு. தர்ஷினியின் அப்பா. அவனுக்குத் தொந்தி இயற்கை. அதைவிட, வீட்டுக்கு யார் வந்து போனாலும் அவர்கள் தெரு திரும்புவதற்குள் அவர்களாகவே மாறிவிடுவான். பால்காரன் நடை, பூசாரியின் கனைப்பு, என் தம்பி பெண்டாட்டி மூக்கை உறிஞ்சிக்கொண்டே நகையைப் பற்றிக் கேட்பது, எல்லாம் அச்சு. சோறு தின்கிற நேரத்தில் அவன் ஆரம்பித்தால் எங்களுக்குப் புரையேறும். ஆனால் கம்பெனியில் அவன் இன்னும் காண்ட்ராக்ட் ஆள்தான். பல வருஷம் லைனில் நின்று, அந்த வருஷம்தான் பர்மனென்ட் ஆக்குகிற பட்டியலில் அவன் பெயர் போயிருந்தது. அந்த வருஷம் விட்டால் வயது தாண்டிவிடும். வீட்டில் எல்லாருக்கும் அது ஒன்றுதான் பேச்சு.

கதையில், யுத்தத்துக்கு ஆள் பிடிக்கத் தொந்திக்காரனை அனுப்புவார்கள். அவன் தெம்பானவர்களை விட்டுவிட்டு நோஞ்சான்களைப் பிடிப்பான். அந்த இடத்தை இவர் காண்ட்ராக்டர் ஆள் எடுக்கும் இடமாக மாற்றினார். ஒரகடம் கூட்ரோட்டில் விடியற்காலை அது தினமும் நடப்பது. வேலைக்கு வந்து நிற்பவர்களின் தோளில் காண்ட்ராக்டர் கார் சாவியால் தட்டிக்கொண்டே போவார். நீ வா, நீ வா, நீ வேணாம். முகத்தைப் பார்க்க மாட்டார். தணிகாசலத்தைக் கம்பெனிக்கு அனுப்பியதும் அதே காண்ட்ராக்டர்தான். நாடகக்காரர் அவனையே கூட்டிக்கொண்டு போய், டீக்கடையில் நின்று அதைப் பார்த்துவிட்டு வந்தார். அன்று சாயங்காலம் மாடியில் காய்ந்த துணி எடுக்கப் போனேன். இது நான் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது.

"இது அப்படியே வேணும் தணிகா" என்கிறார் அவர்.

"வேணாம் சார். காண்ட்ராக்டரும் வருவாரு சார் நாடகத்துக்கு. முன்னாடி உக்காந்துகினு இருப்பாரு. எனக்கு இப்ப பர்மனென்ட் டைம் சார்."

"அதனாலதான் வேணும். அவரு பாக்கணும். கலை பயப்படாது தணிகா. பாத்துக்கலாம், நான் இருக்கேன்."

தன் பையிலிருந்து தன் கார் சாவியை எடுத்து என் மகன் கையில் வைத்தார். இவன் அரைமனதாகத் தட்டினான். "நெஞ்சுல தட்டாத. தோள்ல தட்டு. முகத்தப் பாக்காத, அவன் பாக்கறதில்ல இல்ல? இன்னும் அலட்சியமா. இன்னும்" என்று, துணி முழுவதையும் நான் மடித்து முடிக்கிறவரை, திரும்பத் திரும்பச் செய்யவைத்தார்.

நாடகம் கல்யாண மண்டபத்தில். விளக்குக்கும் மேடைக்கும் தணிகாசலத்தின் கம்பெனி உதவி செய்திருந்ததால் மேனேஜர் முன்வரிசையில் இருந்தார். பக்கத்தில் காண்ட்ராக்டர். தணிகாசலம் மேடையில் சாவியோடு வந்து முதல் தோளைத் தட்டியதுமே சனம் புரிந்துகொண்டது. இரண்டாவது தோளைத் தட்டினான். பின்னால் உட்கார்ந்திருந்த கம்பெனிப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில் "நீ வேணாம்!" என்று கத்தினார்கள். மண்டபமே அதிர்ந்தது. காண்ட்ராக்டர் கழுத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தார். அந்தக் காட்சி முடிந்ததும் எழுந்து போய்விட்டார். வெளியே கார் கிளம்பும் சத்தம் உள்ளே கேட்டது. ஓரத்தில் நின்ற நாடகக்காரர் இரண்டு கட்டைவிரலையும் தூக்கித் தணிகாசலத்துக்குக் காட்டினார். அதையும் பார்த்தேன்.

அப்புறம் கிழட்டு ராஜா சாகிற இடம் வந்தது. ராஜா வேஷம் எங்கள் மேல் அறையில் இருந்த திருநெல்வேலிக்காரர். சுற்றுகிற நாற்காலியில் சாய்ந்து, ஹெல்மெட் கழன்று உருண்டு ஓட, உயிரை விட்டார். அதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை போலிருக்கிறது, மேடையில் எல்லாரும் பேசாமல் நின்றார்கள். எங்கள் ஊர் வழக்கம் வேறு. அம்மன் திருவிழாவில் படுகளத்தன்று கூத்தில் ராஜா வெட்டுப்பட்டு விழுந்தால், பெண்கள் எழுந்து மாரடித்து அழுவோம். துணி போர்த்துவோம். வேஷம் என்று தெரியும். ஆனாலும் விழுந்தவனை அழாமல் விட்டால் ஊருக்கு ஆகாது. இங்கே ஒருத்தன் ராஜா என்று சொல்லிச் செத்துக் கிடக்கிறான், அழ ஆள் இல்லை. நான் எழுந்தேன். என் பின்னால் எங்கள் தெருப் பெண்கள் எல்லாரும் எழுந்தார்கள். மேடையேறி நாற்காலியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டோம்.

"சுத்துற நாக்காலியில
சொகமா இருந்த மகராசா,
சுருண்டு கெடக்கிறியே,
சொந்தம் ஒண்ணும் காணலியே!"

ஒருத்தி புது டவலை ராஜா மேல் போட்டாள். செத்த ராஜா ஒரு கண்ணைத் திறந்து, "ஆத்தாடி, என்னல நடக்கு?" என்று முனகினார். "கண்ண மூட்றா, நீ செத்துட்ட" என்றேன்.

மறைவில் நின்ற நாடகக்காரர் இரண்டு கையையும் ஆட்டி, போங்க போங்க என்று பல்லைக் கடித்தார். தலையில் அடித்துக்கொண்டார். யாரோ ஒருவரிடம், "யாரு இவங்கள உள்ள விட்டது? நான் சொல்லல, எனக்குத் தெரியாது" என்று கத்துவது ஒப்பாரியையும் மீறிக் கேட்டது. அந்த நேரம் பார்த்து, சென்னையிலிருந்து வந்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தலையில் அடித்துக்கொண்டிருந்த கை அப்படியே இறங்கி நெஞ்சில் குவிந்தது. மெதுவாக நடந்து மேடைக்கு வந்து, எங்கள் நடுவில் நின்று, தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த நாள் பேப்பரில் படம். ஒப்பாரியை அந்த இங்கிலீஷ் ராஜாவின் சாவோடு சேர்ப்பது தன்னுடைய பல வருஷக் கனவு என்றும், அந்தப் பெண்களுக்கு ஒரு மாதம் தானே பயிற்சி கொடுத்ததாகவும் சொல்லியிருந்தார். தணிகாசலம்தான் படித்துக் காட்டினான். எனக்கு அழுவதற்குப் பயிற்சி கொடுத்தாராம். புருஷனைப் புதைத்தவள் நான்.

அதைச் சொல்லிச் சிரிக்க எங்களுக்கு ஒருநாள்கூடக் கிடைக்கவில்லை. அன்றைக்கே கம்பெனியில் தணிகாசலத்தைக் கூப்பிட்டார்கள். காண்ட்ராக்டர், இவன் இனி என் ஆள் இல்லை என்று சொல்லிவிட்டார். "உன்னை யார் இதைச் செய்யச் சொன்னது?" என்று ஆபீசில் கேட்டிருக்கிறார்கள். நாடகக்காரர் சொல்லிக்கொடுத்ததுதான் என்று இவன் உள்ளதைச் சொன்னான். அவன் எதிரிலேயே ஸ்பீக்கரில் போட்டு அவருக்குப் போன் செய்தார்கள். "நான் எழுதினதுல அது இல்லையே. அவரா சேத்தது. நான் வந்து போறவன், யாரு எப்படிச் சாவியால தட்டுவாங்கன்னு எனக்கெப்படித் தெரியும்?" என்றாராம்.

வீட்டுக்கு வந்து என் மகன் சொன்னது என்ன தெரியுமா? "சார் மறந்திருப்பாரும்மா."

இரண்டு நாள் கழித்து அறையைக் காலிசெய்ய வந்தார். பையை எடுத்துக்கொண்டு இறங்கியவரை நான் மாடிப்படியில் மறித்தேன். நான் யாரிடமும் எதுவும் கேட்டவள் இல்லை. அன்று கேட்டேன்.

"ஒரே ஒரு பேச்சு. நான்தான் செய்யச் சொன்னேன்னு கம்பெனில வந்து சொல்லிட்டுப் போ. உனக்கு ஒண்ணியும் ஆவாது. நீ பெரிய மனுசன், உன்ன இன்னா பண்ணிடுவாங்க? என் புள்ளைக்கு இது பொழப்பு."

என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. எங்கிருந்துதான் வருமோ. "இப்பவே போலாம்மா. அவன் எனக்குத் தம்பி மாதிரி" என்றார். காரிலேயே எங்களை ஏற்றிக்கொண்டு போனார்.

நானும் தணிகாசலமும் கேட்டுக்கு வெளியே செக்யூரிட்டி அறை நிழலில் நின்றோம். அவர் மட்டும் உள்ளே போனார். வெயில் ஏறியது. தணிகாசலம் சட்டை பட்டனைத் திருகிக்கொண்டே, "சொல்டுவாரும்மா. சார் சொன்னா கேப்பாங்க" என்றான்.

வந்தார். தோளில் பொன்னாடை. கையில் பூங்கொத்து.

"இன்னா சொன்ன?" என்றேன்.

"அடுத்த வருஷம் கம்பெனி விழாவுக்கு நாடகம் கேட்டிருக்காங்கம்மா. தணிகாவப் பத்தி நல்லாச் சொன்னேன். பெரிய கலைஞன்னு சொன்னேன்."

"அது கெடக்கட்டும். நான்தான் சொல்லிக் குடுத்தேன், சாவி என்னுதுன்னு சொன்னியா?"

பொன்னாடையைச் சரிசெய்துகொண்டார். "அம்மா, நாடகத்துல இது என்னுது, இது அவன்துன்னு பிரிக்க முடியாது. அது கூட்டா பண்ற விஷயம்."

"நாங்க அழுதத மட்டும் பேப்பர்காரன்கிட்ட நல்லா பிரிச்சி சொன்னியே?"

செக்யூரிட்டி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். அவர் என்னை விட்டுவிட்டு என் மகன் பக்கம் திரும்பினார். அவன் தோளில் கையை வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தணிகா, வருத்தப்படாதீங்க. உண்மையச் சொல்லணும்னா, அன்னைக்கு நீங்க கொஞ்சம் ஓவராப் போயிட்டீங்க. ஜனங்க சிரிக்கச் சிரிக்க ஏத்திக்கிட்டே போனீங்க. நான் கேட்டது அந்த அளவு இல்ல. இல்லையா?"

என் மகன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "ஆமாங்க சார்" என்றான்.

"இன்னாடா ஆமா? இன்னா ஆமா?" என்று நான் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன்.

"வுடும்மா. சார் சொல்றது கரெக்டுதான். நான்தான் ஓவரா பண்ணிட்டேன்."

அவர் பூங்கொத்தைப் பின்சீட்டில் வைத்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனார். நாங்கள் ஷேர் ஆட்டோவில் வீட்டுக்கு வந்தோம்.

பட்டியலில் தணிகாசலம் பெயரை அடித்துவிட்டார்கள். இப்போது வல்லக்கோட்டை ரோட்டில் ஒரு குடோனில் லோடு ஏற்றுகிறான். தொந்தி கரைந்துவிட்டது. உழைத்துச் சம்பாதிக்கிறான், அதில் எனக்குத் தலைகுனிவு இல்லை. ஆனால் அன்றிலிருந்து அவன் யாரைப் போலவும் பேசிக் காட்டியதில்லை. என் தம்பி பெண்டாட்டி வந்து மூக்கை உறிஞ்சி, நகையைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போவாள். நாங்கள் எல்லாரும் அவன் முகத்தைப் பார்ப்போம். சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பான். போன வருஷம் பள்ளிக்கூட விழாவுக்குப் பலகுரல் பேசச் சொல்லிக்கொடு என்று தர்ஷினி கேட்டாள். "நமக்கு அதெல்லாம் அளவு தெரியாதுடா கண்ணு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான்.

அந்த மனிதர் பெரிய ஆளாகிவிட்டார். ஹெல்மெட் ராஜாக்களைக் கூட்டிக்கொண்டு டெல்லி வரைக்கும் போய்வந்தாராம். தொந்திக்காரனாக வேறு ஒருத்தர் நடிக்கிறார். தோளில் சாவியால் தட்டுகிற இடத்துக்கு ஊர் ஊராகக் கைதட்டல் என்று எங்கள் திருநெல்வேலி ராஜாதான் வந்து சொன்னார். அது யாருடைய யோசனை என்று கேட்பவர்களிடம் இப்போது என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பெண் போன் செய்த அன்று தணிகாசலம் பக்கத்தில்தான் இருந்தான். நான் போனை வைத்ததும், "எம்மா, எதனா கோவத்துல பேசிடாத. நல்லதா நாலு வார்த்த சொல்லு. அன்னிக்கி என்னால அவருக்கு எவ்ளோ அவமானம்" என்றான். இத்தனை வருஷம் கழித்து. பேத்தியைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். தர்ஷினி பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்க்கிறாள்.

"ஆயா, இத அவங்க மலர்ல போட மாட்டாங்க."

"தெரியும்டீ. அனுப்பறத அப்பால பாத்துக்கலாம். எடு, மொதல்லேந்து படி."

"இப்பவா? அப்பா உள்ள சாப்ட்டுகினு கீறாரு ஆயா. காதுல வுழும்."

"வுழட்டும். ஒரக்கப் படி."